பதினேழாம் கேள்வி

ஊர்ப் பெயரை மாற்றித்தான் எழுதுவேன் என்று
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
குளச்சலுக்குக் கிழக்கே ஒரு கடற்கரை,
அவ்வளவுதான் சொல்லலாம்.
மலைக்கு அப்படிப் படிவம் எதுவும் இல்லை.
அதன் பெயர் கூனிப்பொற்றை.

"குவாரியால் உங்கள் தொழிலுக்குப் பாதிப்பு உண்டா?
ஆம். இல்லை. தெரியாது."
குவாரி உள்நாட்டில், பதினான்கு கிலோமீட்டர் தள்ளி.
மீன்பிடிப்பவர்களிடம் இதை எதற்குக் கேட்கிறாய்,
எடுத்துவிடு என்றார் புள்ளியியல் படித்த நண்பர்.
எடுக்க மறந்துவிட்டேன்.

ததேயு வலையில் ஈயமணி கோத்துக்கொண்டிருந்தார்.
"உண்டு" என்றார்.
தூசி இவ்வளவு தூரம் வருமா என்று கேட்டேன்.
சிரித்துவிட்டு என் பேனாவை வாங்கி
படிவத்தின் முதுகில் இரண்டு கோடு இழுத்தார்.

"தெக்க ஓடணும். ஓடப் ஓட
கூனிப்பொற்றைக்க உச்சி
நம்ம கோயில் கோபுரத்துக்க இடது தோளுல வந்து குந்தும்.
பொறவு முட்டத்து வெளக்குமரம்
வேளிமலைக்க பள்ளத்துல வந்து நிக்கும்.
ரெண்டும் ஒத்துக்கிட்ட எடத்துல நங்கூரத்தப் போடு.
கீழ பாரு. பாருல கலவா."

இதற்குக் கணியம் என்று பெயர்.
பார் கடலுக்கடியில் கிடக்கிறது,
அதன் முகவரி மலையில் இருக்கிறது,
முகவரிக்கு வெடிவைத்து லாரியில் ஏற்றுகிறார்கள்
என்று அவசர அவசரமாக எழுதினேன்.
ஆய்வேட்டின் முதல் வாக்கியம் கிடைத்துவிட்ட குஷி.
ஒற்றுப்பிழைகூடப் பார்க்கவில்லை.

"அப்பிடி எழுதாதீங்க."
ஜெஸ்பின் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
"எட்டு வருசமா ஜி.பி.எஸ். கெடக்கு.
மலை இல்லேன்னாலும் இவருக்குப் பாரு தெரியும்."

"பிறகு என்ன பாதிப்பு?"

ததேயு எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தார்.
கடல் அங்கேயே நின்றது.
கதவுக்கும் அதற்கும் நடுவில்
ஒன்றின்மேல் ஒன்றாய்க் கொட்டிய கல்வரிசை.
உடைந்த முகங்களில் சின்னச் சின்னச் சிவப்பு மணிகள்
நனைந்து மின்னின.

"கூனிப்பொற்றை இதுதான்" என்றார்.
"ஒக்கி அடிச்ச மறுவருசம்
கல்லு கேட்டு ரோட்டுல படுத்தோம்.
நானும் படுத்தேன். ரெண்டு ராத்திரி.
கொண்டுவந்து தட்டினாவ.
தட்டினதுனால வீடு நிக்குது.
லாரி ஓட்டினது இவளுக்க அண்ணன்.
இன்னும் நூறு லோடு கேட்டு மனு குடுத்திருக்கோம்."

ஆம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். எடுத்தேன்.
கூட்டெண், சராசரி, சதவீதம் எல்லாம்
ஏதாவது ஒரு கட்டத்தில் விழுந்தால்தான் பிறக்கும்.
ஒரு நண்டு கல்லிடுக்கிலிருந்து வந்து
எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு
உள்ளே போனது.

போன வாரம் மலையடிவாரத்தில்
வனஜகுமாரி என்ற பெண் பேசியது
அலைபேசியில் இருந்தது.
ஒருவர் பேசியதை இன்னொருவருக்குப் போட்டுக்காட்டக் கூடாது,
நெறிமுறைக் குழு அதைத் தடித்த எழுத்தில் சொல்லியிருக்கிறது.
போட்டுக்காட்டினேன்.

"கெணறு வத்திட்டு. அடுக்களச் செவரு பிளந்துட்டு.
ராத்திரி பகல்னு இல்ல, லாரி போய்க்கிட்டே இருக்கு.
எங்க மலைய எங்கதான் கொண்டுபோறாவளோ,
கேட்டா ஒருத்தனும் சொல்லமாட்டாங்கான்."

பின்னணியில் ஒரு வெடிச்சத்தம், தூரத்தில்.
அதற்கப்புறம் ஒரு ஆட்டின் குரல்.

இன்னொரு தடவை போடச் சொன்னாள் ஜெஸ்பின்.
கேட்டு முடித்து ஈரக்கையைப் பாவாடையில் துடைத்து
கல்லின்மேல் காயப்போட்டிருந்த துணியை
ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.
பள்ளிக்கூடச் சட்டை. தலையணை உறை. பிறகு இன்னொரு சட்டை.

"அவியட்ட சொல்லுங்க" என்றாள்,
"மலை இங்க இருக்குன்னு."

கதவைச் சாத்திவிட்டு வந்தவள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வேண்டாம். சொல்லாண்டாம்."